மூன்றாம் ராடில் ஒரு பின்னல்

நான் ஒருமுறைகூட நேரில் பார்க்காத ஒரு பெண்மணியைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவர் உயரமா குள்ளமா, குரல் கணீரென்று இருக்குமா, சிரித்தால் எப்படி இருப்பார், எதுவும் எனக்குத் தெரியாது. போட்டோ ஒன்று காட்டினார்கள். அதில் கார் பளிச்சென்று இருக்கிறது. அவர் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கதவோரம் பாதி நிழலில் நிற்கிறார். ஆனால் அவர் கையை எனக்குத் தெரியும். பெற்ற பிள்ளைகளுக்குத் தெரிந்ததைவிட எனக்கு நன்றாகத் தெரியும் என்று சொன்னால் கொழுப்பு என்பீர்கள். கடைசிவரை படித்துவிட்டுத் திட்டுங்கள்.

என் தொழில் பழைய கார்களின் என்ஜினைப் பிரித்துக் கட்டுவது. தெருவில் எனக்குப் பட்டாசு என்று பெயர். திரி கொளுத்தாமலே வெடிப்பேனாம். பட்டறையில் பாதி வேலை என் மனைவியுடையது. வால்வு உட்கார வைப்பது, எந்த வண்டிக்கு எந்தப் பாகம் என்று கண்டுபிடித்து வரவழைப்பது, வாடிக்கையாளர்களிடம் நான் பேசியதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்பது, மூன்றும் அவள் பொறுப்பு. மூன்றாவதில்தான் நேரம் அதிகம் போகிறது என்பாள்.

ஒருநாள் டெய்லர் வேலை பார்க்கும் ஒரு அம்மா வந்தார். கழுத்தில் இஞ்ச் டேப்பு தொங்கியபடியே வந்திருந்தார். நடுத்தர வயது தாண்டியவர், முடியைக் கழுத்துக்கு மேலேயே ஒட்ட வெட்டியிருந்தார். கூடவே அவருடைய அண்ணன். அவர்கள் வீட்டு ஷெட்டில் ஒரு பழைய கார் நிற்கிறதாம். அது அவர்கள் அம்மா டாக்சியாக ஓட்டிய கார். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அந்த ஒரு வண்டியை ஓட்டித்தான் அம்மா இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கியிருக்கிறார். அவர் இறந்த பிறகு யாரும் சாவியைத் தொடவில்லை.

"ஷெட்டை இடிச்சுட்டு குடோன் கட்டப்போறேன்," என்றார் அண்ணன். "வண்டி தானா ஸ்டார்ட் ஆகி வெளிய வந்துச்சுன்னா தங்கச்சி எடுத்துக்கட்டும். வரலைன்னா எடைக்குத்தான். அதுக்கு மேல எங்கிட்ட ஒண்ணும் கேட்கக் கூடாது."

அந்தக் காரைப் பற்றிப் பேசும்போது மனிதர் முகம் கொடுத்தே பேசவில்லை. கடன்காரனைப் பற்றிப் பேசுவதுபோல் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"ஓடற என்ஜின் வேற ஒண்ணு போட்டுடலாமே. சுலபமா முடிஞ்சுடும்," என்றேன்.

டெய்லரம்மா தலையை ஆட்டினார். "வேணாம்ணே. அம்மா விடியுமுன்ன போவாங்க, நாங்க தூங்கினப்புறம் வருவாங்க. சமையல் அத்தை பண்ணுவாங்க, துணி நான் துவைப்பேன். அம்மா கை பட்டதுன்னு சொல்லிக்க வீட்டுல ஒரு கரண்டி கூட இல்ல. இந்த வண்டி ஒண்ணுதான். அதுலயும் என்ஜினை மாத்திட்டா என்ன மிச்சம்? அம்மா வரும்போது தெருமுனையிலேயே சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் வேணும்ணே."

அண்ணன் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார். நான் வேலையை ஒப்புக்கொண்டேன்.

என்ஜினை இறக்கிப் பட்டறைக்குக் கொண்டுவந்தோம். பழைய என்ஜினைக் கட்டுவதில் கஷ்டம் கட்டுவது இல்லை, சரியான பாகத்தைக் கண்டுபிடிப்பதுதான். என்ஜினின் உடம்பான பிளாக்கில் ஒரு எண் அடித்திருப்பார்கள். அதை வைத்து எந்த வருடத்து என்ஜின், எந்த வகை என்று தெரிந்துகொண்டு, உதிரி பாகப் புத்தகத்தைப் பார்த்து பிஸ்டன், பேரிங், கேஸ்கெட் எல்லாவற்றையும் எழுத வேண்டும். அதோடு முடியாது. இத்தனை வருடத்தில் வண்டி எத்தனை பேர் கையில் சிக்கியிருக்கும்? ஒருவன் சிலிண்டரை அகலப்படுத்தியிருப்பான், ஒருவன் வேறு வருடத்து ஹெட்டை மாட்டியிருப்பான். எண் சொல்வது ஒன்று, உள்ளே இருப்பது இன்னொன்று. அதனால் ஒவ்வொன்றையும் அளந்து பார்த்துத்தான் வரவழைக்க வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும் என்று மற்றவர்களுக்கு நான்தான் பாடம் எடுப்பேன்.

அடிப்பக்கம் எண்ணெய்த் தொட்டியைக் கழற்றியதும் கிராங்க் தெரிந்தது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிஸ்டன் மேலும் கீழும் போகிறது; அதை ஒரு ராடு இழுத்துத் தள்ளி, அடியில் இருக்கும் கனமான இரும்புத் தண்டைச் சுழற்றுகிறது. அந்தத் தண்டுதான் கிராங்க். அதில் ராடு வந்து பிடிக்கும் உருண்ட இடத்தைக் கழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு ராடு, நான்கு கழுத்து. இரும்போடு இரும்பு உரசாமல் இருக்க நடுவில் மெல்லிய பிறைபோல இரண்டு பேரிங் தகடுகள் உட்காரும். தகட்டுக்கும் கழுத்துக்கும் உள்ள இடைவெளி தலைமுடியைவிடக் குறைவாக இருக்க வேண்டும். கூடினால் என்ஜின் தடதடவென்று தட்டும், குறைந்தால் இறுகிப்போய் நின்றுவிடும்.

ராடுகளின் போல்ட் கழன்றுவிடாமல் இருக்க, போல்ட் தலையில் துளைபோட்டு அதில் கம்பி கோத்து முறுக்கியிருப்பார்கள். ஒன்று, இரண்டு, நான்கு ஆகிய ராடுகளில் எல்லோரும் செய்வதுபோல இரண்டு கம்பியைச் சேர்த்து முறுக்கியிருந்தது. மூன்றாவதில் மட்டும் மூன்று கம்பியை எடுத்து, நெருக்கி நெருக்கிப் பின்னி வைத்திருந்தது.

"வேலைவெட்டி இல்லாத எவனோ உட்கார்ந்து பின்னியிருக்கான்," என்று கட்டரால் வெட்டிக் கழிவு வாளியில் வீசினேன். அறுபடவே மனசில்லாததுபோல அத்தனை கெட்டியாக இருந்தது. உள்ளேயிருந்த பேரிங்கும் மற்ற மூன்றைப்போல இல்லை. இரண்டு ஓரமும் அரம் போட்டுக் குறைத்திருந்தது, நகராமல் பிடிக்கும் சின்ன மூக்கு வேறு இடத்தில் இருந்தது. "பொருந்தாததைத் திணிச்சிருக்கான் பாவி. நாசமாப் போறவன்," என்று அதையும் வாளியில் போட்டேன்.

"யாரைத் திட்டறீங்க?" என்று மனைவி உள்ளேயிருந்து கேட்டாள்.

"இதுக்கு முன்னாடி இதைக் கட்டின அறிவாளியை."

"நல்லவேளை, ஆள் இங்க இல்ல. இருந்தா மன்னிப்பு வேற கேட்கணும்."

முதல் கழுத்தை மைக்ரோமீட்டரில் அளந்தேன். எப்போதோ ஒரு பட்டறையில் அரைத்து ஒரு படி குறைத்திருந்தது. கிராங்க் அரைப்பதில் எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கழுத்தில் கீறல் விழுந்தால் நான்கையும் சேர்த்து ஒரே அளவுக்கு அரைத்துவிடுவோம். பேரிங் செட்டாகத்தான் வரும். ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில் இருந்தால் தலைவலி. அதனால் ஒரு கழுத்தை அளந்தால் நான்கையும் அளந்த மாதிரி. இது நான் கண்டுபிடித்த சோம்பேறித்தனம் இல்லை, உலகத்தில் எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான். அந்த அளவுக்கே ஒரு செட் வரவழைக்கச் சொன்னேன். எங்கெங்கோ விசாரித்து, தூரத்து ஊர் ஒன்றில் மூடிக்கிடந்த கடையின் அலமாரியிலிருந்து மனைவி அதைப் பிடித்துவிட்டாள். பெட்டியைப் பிரித்தபோது தகடுகள் இன்றைக்குச் செய்ததுபோல மின்னின.

மாட்டுவதற்கு முன் ஒரு சோதனை உண்டு. மெழுகுத்திரி நூல்போல ஒரு பிளாஸ்டிக் இழை இருக்கிறது. அதைக் கழுத்தின்மேல் ஒரு துண்டு வைத்து, பேரிங்கோடு ராடை முறுக்கிவிட்டுத் திரும்பக் கழற்ற வேண்டும். இழை எவ்வளவு நசுங்கியிருக்கிறதோ அதை வைத்து இடைவெளி தெரிந்துவிடும். முதல் கழுத்தில் இழை பட்டையாக நசுங்கியது. இரண்டாவதிலும் நான்காவதிலும் அப்படியே. மூன்றாவதில் வைத்த இழை வைத்தபடியே உருண்டையாகக் கிடந்தது.

இடைவெளி அத்தனை பெரிது. மைக்ரோமீட்டரை எடுத்து மூன்றாவது கழுத்தை அளந்தேன். மற்ற மூன்றையும்விட மெலிந்திருந்தது. எவ்வளவு என்றால், இந்த என்ஜினுக்குப் புத்தகத்தில் போட்டிருக்கும் கடைசி அளவையும் தாண்டி. அந்த அளவுக்கு உலகத்தில் எந்தக் கம்பெனியும் இந்த வண்டிக்குப் பேரிங் செய்ததே இல்லை.

கிராங்கை ஆட்டோவில் போட்டு, அரைக்கும் கடைக்காரரிடம் கொண்டுபோனேன். அவர் விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"நாலையும் இந்த அளவுக்குக் கொண்டுவர முடியுமா?" என்றேன்.

"கொண்டுவரலாம். அப்புறம் பேரிங்குக்கு எங்க போவீங்க? மூணாவதுல வெல்டிங் வெச்சு ஏத்திட்டு அரைக்கலாம். ஆனா சூட்டுல வளைஞ்சாலோ விரிசல் விட்டாலோ என்னைக் கேட்கக் கூடாது. இருக்கறது இது ஒண்ணுதானே?"

ஒன்றுதான். இன்னொரு கிராங்குக்கு மனைவி கேட்காத இடமில்லை. இது வீணானால் காரை எடைக்குப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. டெய்லரம்மாவின் முகம் கண்முன் வந்தது.

அரைக்கும் கடைக்காரர் கிராங்கை விடவில்லை. கட்டை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். "ஒண்ணு கவனிச்சீங்களா? இது மெஷின்ல போன கழுத்து இல்ல."

"பின்ன?"

"மெஷின்ல போனா கோடெல்லாம் வளையம் வளையமா இருக்கும். இங்க பாருங்க, குறுக்கும் நெடுக்குமா மயிரிழை மாதிரி. ரெண்டு ஓரத்துலயும் பழைய அளவு ஒரு நூல் அகலத்துக்கு நிக்குது. மெஷின்ல அரைக்கற கல்லு அங்க நிக்காம ஓரம் வரைக்கும் போகும். கையால தேச்சிருக்காங்க. தோல் வார்ல உப்புத்தாள் பொடியும் எண்ணெயும் தடவி, ரெண்டு கையாலயும் மாத்தி மாத்தி இழுத்து."

நான் நம்பவில்லை. கையால் தேய்த்தால் உருண்டையாக வராது. ஒரு பக்கம் குழியும், ஒரு பக்கம் முட்டை மாதிரி நிற்கும். மைக்ரோமீட்டரை மேலும் கீழும் பிடித்தேன். குறுக்கே பிடித்தேன். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், நடுவில், சாய்வாக. அளவு நகரவில்லை. கடைக்காரர் தன்னுடைய மைக்ரோமீட்டரை எடுத்து அவரும் பார்த்தார். அவருக்கும் அதே அளவுதான். இத்தனை வருடம் இரும்போடு மல்லுக்கு நிற்கிறேன். மெஷினில் வைத்து அரைத்ததே இவ்வளவு ஒழுங்காக வராமல் நான் சண்டைபோட்டு வாங்கியிருக்கிறேன். இது ஒரு மனிதக் கை செய்த வேலை. நான் அவனை நாசமாப் போக என்று திட்டியிருக்கிறேன்.

"இதுமேல கல்லை வைக்க எனக்குக் கை வராது," என்று கிராங்கைத் துணியில் சுற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பட்டறைக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் போய்க் கழிவு வாளியைத் தரையில் கவிழ்த்தாள். பேரிங் தகட்டை எடுத்து மண்ணெண்ணெயில் போட்டாள். பின்னிய கம்பியை எடுத்துத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஏங்க, நீங்க சொன்ன அறிவாளி ஆம்பளை இல்ல."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தினமும் காலையில அவசர அவசரமா தலை பின்னிவிட்டுப் பழகின கை இது. ஒரு இடத்துல தொய்வு இருக்கா பாருங்க. முனையைப் பாருங்க. உள்பக்கமா மடிச்சுச் சொருகியிருக்கு. குத்தக் கூடாதுன்னு."

"மூடின என்ஜினுக்குள்ள யாரைக் குத்தப்போகுது?"

"அதைத்தான் சொல்றேன். கைக்குத் தெரியுமா அது என்ஜினா தலையான்னு? பழக்கம்."

டெய்லரம்மாவுக்குப் போன் போட்டோம். வந்தவரிடம் நிலைமையைச் சொன்னேன். கிராங்க் தப்புமா தப்பாதா என்று தெரியாது என்றதும் அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"இந்த வண்டியை யார் ரிப்பேர் பண்ணுவாங்க?" என்று கேட்டேன்.

"பட்டறைல விடுவாங்கன்னுதான் நெனைக்கிறேன். அம்மா ஓட்டுவாங்க, அவ்வளவுதான். அம்மாவுக்கு ரிப்பேரெல்லாம் தெரியாதே."

மனைவி அவர் உள்ளங்கையில் அந்தக் கம்பிப் பின்னலை வைத்தாள். டெய்லரம்மா அதைப் புரட்டினார். இன்னொரு முறை புரட்டினார். நகத்தால் ஒரு மடிப்பைத் தூக்கிப் பார்த்தார்.

"எல்லாரும் ஓரத்து முடியை மேல போட்டுப் பின்னுவாங்க," என்றார். "அம்மா கீழ கொடுத்துப் பின்னுவாங்க. முதுகுல பின்னல் தூக்கிட்டு நிக்கும். ஸ்கூல்ல எல்லாம் கேலி பண்ணுவாங்க. அதுவும் இந்த இறுக்கம்... இதேதான். நெத்தித் தோலே பின்னாடி போயிடும். விடியுமுன்ன எழுப்பி உட்கார வெச்சுப் பின்னிட்டு ஓடுவாங்க. ராத்திரி படுத்து எழுந்தாலும் ஒரு முடி கலையாது. வலி தாங்காம ஒருநாள் நானே கத்தரிக்கோல் எடுத்து ஒட்ட வெட்டிட்டேன். இனிமே என் தலையில நீ கை வைக்காதேன்னு சொன்னேன். அம்மா சரின்னு வண்டியை எடுத்துட்டுப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் அம்மா யாருக்கும் பின்னினதே இல்லைன்னு நெனச்சிட்டிருந்தேன்."

கம்பியை மூடிப் பிடித்துக்கொண்டார். "பின்னியிருக்காங்க," என்றார்.

என் மனைவி அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் கோபக்காரன், அழுகிறவன் இல்லை. அதனால் எழுந்துபோய் ஒரு ஸ்பேனரைத் தேடினேன்.

பிறகு ஒவ்வொன்றாக அவருக்கு ஞாபகம் வந்தது. முடியை வெட்டிய பிறகு ஒரு மழைக்காலம், கார் ஷெட்டில் நின்றுவிட்டது. உடம்பு சரியில்லை, ஓய்வு எடுக்கிறேன் என்று அம்மா சொன்னாராம். ஆனால் படுத்தவரில்லை. ஷெட்டை உள்பக்கம் தாழிட்டுக்கொள்வார். சர், சர் என்று மெல்லிய சத்தம் மட்டும் வரும், சின்னப்பிள்ளைகள் ஸ்லேட்டு அழிப்பதுபோல. சாப்பிட உட்கார்ந்தால் உள்ளங்கை தோல் உரிந்திருக்கும். கேட்டால், ஸ்டீயரிங் பிடித்த கை அப்படித்தான் இருக்கும் என்பாராம்.

"அப்பதான் அப்பாவோட தோல் பெல்ட்டை எடுத்து நீளமா கிழிச்சாங்க. அப்பாவோடதுன்னு அது ஒண்ணுதான் இருந்துச்சு. அண்ணன் அதைத் தனக்குன்னு வெச்சிருந்தான். எதுக்குக் கிழிச்சேன்னு கேட்டதுக்கு, தேவைப்பட்டுச்சுன்னு மட்டும் சொன்னாங்க. அண்ணன் அதுக்கப்புறம் அம்மாகிட்ட முகம் கொடுத்துப் பேசினதே இல்ல."

அதற்குள் மனைவி அந்தப் பழைய பேரிங்கை மண்ணெண்ணெயிலிருந்து எடுத்துத் துடைத்திருந்தாள். முதுகில் பாதி அழிந்த எண் ஒன்று தெரிந்தது. எந்தக் கார்ப் புத்தகத்திலும் அது இல்லை. லாரியில் இல்லை, டிராக்டரில் இல்லை. கடைசியில் அவள் வேறொரு புத்தகத்தைப் புரட்டிவிட்டு, என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"தண்ணி இறைக்கற பம்ப் என்ஜின். இன்னைக்கும் செய்யறாங்க. நம்ம தெருக்கோடி பம்ப் கடையிலேயே இருக்கும்."

இருந்தது. உலகமெல்லாம் தேடியும் கிடைக்காத பேரிங்கை, பம்ப் கடைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டி அலமாரியிலிருந்து எடுத்துப் போட்டார். காருக்கு என்று சொன்னேன். "உங்களுக்கு வெயில் ஒத்துக்கலைன்னு நெனைக்கிறேன்," என்றார்.

பேரிங்கைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து வரும்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. நடுத்தெருவில் நின்றுவிட்டேன், பின்னால் வந்த சைக்கிள்காரர் என்னைத் திட்டிவிட்டுப் போனார்.

நாங்கள் கழுத்தை அளந்து, அதற்கேற்ற பேரிங்கைத் தேடுவோம். நான் அப்படித்தான் கற்றேன், எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். டாக்சியம்மாவுக்குத் தேட எதுவும் இல்லை. பேரிங் எரிந்து கழுத்தில் கீறல் விழுந்துவிட்டது. இந்த வண்டிக்குப் பாகம் வராத காலம். பட்டறையில் காட்டியிருந்தால் கிராங்க் போச்சு, வண்டியை விற்றுவிடு என்றுதான் சொல்லியிருப்பார்கள். அவர் என்ன செய்தார்? ராடுக்குள் வெளிப்பக்கம் சரியாக உட்காரும் ஏதாவது ஒரு பேரிங் கிடைக்கிறதா என்று கடை கடையாகப் பார்த்திருக்கிறார். பம்ப் கடையில் ஒன்று மாட்டியது. வெளிப்பக்கம் சரி, உள்பக்கம் சின்னது. கழுத்து அதற்குள் நுழையாது. நானாக இருந்தால் தலையில் கைவைத்திருப்பேன். அவர் வீட்டுக்கு வந்து, கழுத்தை அந்தப் பேரிங்கின் அளவுக்குத் தேய்த்துவிட்டார்! கிடைக்காத பாகத்தைத் தேடி அலையவில்லை. கிடைத்த பாகத்துக்கு என்ஜினைச் சம்மதிக்க வைத்தார். கையில் மைக்ரோமீட்டர் இல்லை. கொஞ்சம் தேய்த்து, பேரிங்கை வைத்துப் பார்த்து, மறுபடி தேய்த்து, மறுபடி வைத்துப் பார்த்து. கணவனின் பெல்ட் தேயும்வரை. தன் உள்ளங்கை தேயும்வரை. அளவு தாண்டினால் அதோடு பிழைப்பு போச்சு என்று தெரிந்துகொண்டே, நிதானமாக. பிறகு அதன்மேல் பிள்ளைகுட்டிகளை, பிரசவ வலியில் துடித்தவர்களை, ரயிலைப் பிடிக்க ஓடியவர்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு வருடக்கணக்காக ஓட்டியிருக்கிறார். பின்சீட்டில் உட்கார்ந்த ஒருவருக்கும் தெரியாது. வீட்டிலும் தெரியாது.

எனக்கு உண்மையாகவே கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல இருந்தது. அந்தப் பக்கம் ஆள் இல்லை, பம்ப் பேரிங்தான் இருந்தது.

அவர் செய்ததை அப்படியே பார்த்துச் செய்தேன். பழைய தகட்டை எதிரில் வைத்துக்கொண்டு, புதுத் தகட்டின் ஓரங்களை அரம் போட்டுக் குறைத்தேன். மூக்கைத் தட்டிச் சமமாக்கி, அவர் வைத்த இடத்தில் புதிதாக எழுப்பினேன். மூன்றாவது கழுத்தை ஒன்றும் செய்யவில்லை. எண்ணெய்த் துணியால் துடைத்ததோடு சரி. அதன்மேல் இழையை வைத்து, ராடை முறுக்கி, கழற்றினேன். பார்க்கப் பயமாக இருந்ததால் மனைவியைப் பார்க்கச் சொன்னேன்.

"மத்த மூணும் எப்படியோ, அப்படியே இருக்கு," என்றாள். பிறகு, "இல்ல, இதுதான் அதுங்களைவிட ஒரே சீரா இருக்கு," என்றாள்.

எல்லாவற்றையும் முறுக்கியாகிவிட்டது. மூன்று ராடுகளுக்கு நான் வழக்கம்போலக் கம்பி முறுக்கினேன். மூன்றாவதற்கு டெய்லரம்மாவை வரச் சொன்னோம். போல்ட் துளையில் மூன்று கம்பிகளைக் கோத்துக் கொடுத்து, பின்னச் சொன்னேன்.

கம்பிகளைப் பிடித்தவர் அப்படியே நின்றார். "எனக்குத் தெரியாதுண்ணே," என்றார். "அம்மா பின்னினது என் முதுகுப் பக்கம். எப்படிப் பின்னுவாங்கன்னு நான் பார்த்ததே இல்ல. தலையில இழுபட்டதுதான் தெரியும்."

"அதை வெச்சே பின்னுங்க," என்றாள் என் மனைவி.

டெய்லரம்மா கண்ணை மூடிக்கொண்டார். தலை லேசாக இடதுபக்கம் சாய்ந்தது; விரல் இடது கம்பியைக் கீழே கொடுத்து இழுத்தது. தலை வலதுபக்கம் சாய்ந்தது. வலது கம்பி கீழே போனது. யாரோ பின்னால் உட்கார்ந்து இழுப்பதுபோலவே தலை ஆடியது, அதன் பின்னாலேயே விரல்கள் போயின. வலித்ததுபோல ஒருமுறை முகத்தைச் சுளித்தார். கண்ணைத் திறக்காமலே முனையை உள்பக்கம் மடித்துச் சொருகினார். பழைய பின்னலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எது அம்மா பின்னியது, எது பெண் பின்னியது என்று பளபளப்பை வைத்துத்தான் சொல்ல முடிந்தது.

என்ஜினைக் கொண்டுபோய் அவர்கள் ஷெட்டிலேயே காரில் ஏற்றினோம். ஷெட்டில் பாதி இடத்தை அடைத்துச் செங்கல் வந்து இறங்கியிருந்தது. அண்ணன் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். டெய்லரம்மா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். ஒருமுறை இருமியது. இன்னொரு முறை இருமியது. மூன்றாம் முறை பிடித்துக்கொண்டது. என்ன சொல்ல! தட்டல் இல்லை, உதறல் இல்லை. கனத்த, ஆழமான, நிதானமான ஒரு சத்தம். டெய்லரம்மா ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

அண்ணன் மெதுவாக உள்ளே வந்தார். திறந்திருந்த பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். தங்கை அவரிடம் எல்லாம் சொல்லியிருக்க வேண்டும்.

"அப்பா பெல்ட்டு தேஞ்சது எந்த இடத்துல?" என்று என்னைக் கேட்டார்.

பிளாக்கின் பக்கவாட்டில் மூன்றாவது சிலிண்டருக்கு நேராகக் காட்டினேன். அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தார். இரும்பு சூடேற ஆரம்பித்திருந்தது. கையை எடுக்கச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். என் மனைவி முழங்கையால் இடித்தாள். சூடு தாங்காமல் போகும்வரை அவர் எடுக்கவில்லை. எடுத்ததும் போய், வாசலை அடைத்துக்கொண்டிருந்த செங்கற்களைத் தானே ஒவ்வொன்றாக எடுத்து ஓரம் கட்ட ஆரம்பித்தார்.

வண்டி தானாகவே வெளியே வந்தது. வெயிலில் நிறுத்திவிட்டு டெய்லரம்மா இறங்கினார். என்ஜினை அணைக்கவில்லை. நான் தொழில்காரன் புத்தியில், "மூணாவது ராடைப் பத்திக் கவலையே வேணாம். கம்பி லேசுல அவிழாது," என்றேன்.

அவர் வெட்டிய முடிக்குக் கீழே பிடரியை மெல்லத் தடவிக்கொண்டார்.

"தெரியும்ணே," என்றார். "இன்னும் வலிக்குது."